சிவக்க மறுத்த ஈஸ்ட்

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் ஓர் ஆய்வகத்தில் நான் ஈஸ்ட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடுகளுக்குப் பைத்தியம் என்று செய்தித்தாள்கள் அலறிய காலம். காரணம் கிருமியல்ல, பிரியான் என்ற புரதம் என்றார்கள். ஈஸ்ட்டிலும் அந்த மாதிரி ஒன்று உண்டு, ஆளைக் கொல்லாது. என்னை நம்பி அதைத்தான் கொடுத்தார்கள்.

புனேயின் வானவடிப் பகுதியில் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து மனைவிக்குப் பாடம் எடுத்தேன். கீழே ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. அடுத்து வந்தவரும் வேறு வழியில்லாமல் குறுக்கே நிறுத்த, வரிசை முழுக்கக் கோணல்.

"வண்டியெல்லாம் நல்ல வண்டிதான், நிக்கற விதந்தான் தப்பு. புரதமும் அப்படித்தான். தப்பா மடிஞ்ச ஒண்ணு, நல்லதையும் தன்னை மாதிரியே மடிச்சுடும். மூளையில அது சேரச் சேர செல்லுங்க செத்து, மூளையே ஸ்பாஞ்சாட்டம் ஓட்டையாயிடும்."

"அந்த மொதக் கோணல் ஸ்கூட்டர் நம்முளுதுங்க" என்றாள்.

ஈஸ்ட்டில் இப்படித் தப்பாக மடிந்த புரதம் கட்டி கட்டியாகச் சேரும்; கட்டிகள் உடைந்து, துண்டுகள் புதிதாகப் பிறக்கும் மகள் செல்களுக்குப் போகும். குவானிடின் என்ற உப்பைக் கொடுத்தால் உடைவது நிற்கும். செல்கள் பெருகப் பெருக, பிரியான் இல்லாத செல்கள் பிறக்கும். எங்கள் ரகத்தில் பிரியான் இருந்தால் வெள்ளை, போனால் சிவப்பு. எனக்கோ ஈஸ்ட் வளர்த்த தட்டு அத்தனையும் வெள்ளை. வரும் திங்கட்கிழமைக்குள் சிவக்காவிட்டால் இதை மூடிவிட்டுத் திராட்சைப் பூஞ்சைக்கு மாறிவிடு என்று எங்கள் மராட்டிய சார் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று.

புதன்கிழமை, சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "அதுக்குத் தீனி என்னங்க போடறீங்க?"

அடினின் என்ற சத்து, செய்முறையில் சொன்னதைவிடத் தாராளமாக, என்றேன் பெருமையாக. நோயாளிக்குத் தெம்பு வேண்டாமா? சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அடினின் குறைந்தால்தான் குணமான ஈஸ்ட் அதைத் தானே தயாரிக்க முயன்று, பாதியில் சிக்கி, சிவப்புச் சாயத்தைச் சேர்க்கும். நான் ஊட்டிய ஊட்டில் அது அடுப்பே மூட்டவில்லை. குணமானதும் வெள்ளை, ஆகாததும் வெள்ளை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம்னு சொல்லுங்க" என்றாள், என்னைப் பார்த்தே.

மறுநாளே அடினின் குறைத்த கூழைப் புதுத் தட்டுகளில் ஊற்றி, ஈஸ்ட்டைப் பரப்பினேன். திங்கள் காலை திறந்தால், வெள்ளைகளுக்கு நடுவே குங்குமப் பொட்டுகள்! தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சார் அறை எந்தப் பக்கம் என்பதே மறந்து எதிர்ப்பக்கம் ஓடி, திரும்பி வந்து அவரிடம் நீட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க, குவானிடின் கொடுக்காத தட்டு எங்கே என்றார் அவர். மறுபடி ஓடிக் கொண்டுவந்தேன். அது முழுக்க வெள்ளை. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "சலோ, பந்த் நஹி கரேங்கே" என்றார். மூடவில்லை!

மனைவி வேலை பார்க்கும் வங்கிக்குப் போன் போட்டு, "செவந்துடுச்சுடீ" என்று கத்தினேன். யார் பேசுவது என்று இந்தியில் கேட்டது அவள் மேனேஜர். அவரிடமும் விடவில்லை, பிரியான் போய்விட்டது என்று இந்தியில் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.