லூசியானா கேக்கில் காணாமல் போன பொம்மை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குவைத் ஃபர்வானியாவில் நடந்தது. நான் ஆஸ்பத்திரி நர்ஸ், வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக், இரண்டு பேருக்கும் ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஐந்தாவது படிக்கும் மகளின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. வகுப்புக்கு ஒரு அமெரிக்க மாநிலம். அவள் வகுப்புக்கு லூசியானா.

வீடே லூசியானாவாகிப் போச்சு. அங்கே ஏரிமேல் போகும் நீளமான பாலத்தைத் தெர்மாகோலில் செய்தோம். நம் சர்ச் பங்கு மாதிரி அங்கே மாவட்டத்தையே பங்கு என்றுதான் சொல்வார்களாம். "அப்போ நம்ம ஆளுங்கதான்" என்று வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். இறாலும் வெண்டைக்காயும் போட்ட கம்போ குழம்பு வேறொரு அம்மா பொறுப்பு. என் தலையில் விழுந்தது கிங் கேக். தவக்காலத்துக்கு முன்னால் அங்கே சாப்பிடுவது. வளையமாக இருக்கும், மேலே க்ரீம், அதன்மேல் ஊதா, பச்சை, மஞ்சள் சீனி. உள்ளே ஒரு குட்டிக் குழந்தை பொம்மையை ஒளித்து வைப்பார்கள். யார் துண்டில் வருகிறதோ, அடுத்த கேக் அவர் செலவு.

"கிறிஸ்மஸ் குடில்ல இருக்கிற குழந்தை இயேசுவை வைப்போமா?" என்றாள் மகள். "கத்தி படும்டி, பாவம்!" என்று அதட்டிவிட்டு, கடையில் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் பொம்மை வாங்கி, சுட்ட கேக்கின் அடியில் சொருகினேன்.

மறுநாள் வகுப்பில் கேக்கை வெட்டிக் கொடுத்து, "பார்த்து, மெல்லத் தின்னுங்க" என்று எல்லாரையும் எச்சரித்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டு காலி. பொம்மை யாருக்கும் வரவில்லை.

"மம்மி, வெச்சீங்களா இல்லையா?" என்றாள் மகள்.

"வெச்சேனே!"

டீச்சர் முகம் வெளுத்துப் போச்சு. எந்தப் பிள்ளை விழுங்கியதோ! ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லி, மூச்சைக் கவனித்தேன். ஒரு பயல் வயிறு வலிக்குது என்றான். கடவுளே, பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாதே! அவன் மூன்று துண்டு தின்றிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி எடுத்து வரச் சொல்லி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பொம்மையா? அது என் சட்டைப் பையில கிடக்குல்லா" என்றார். காலையில் நான் குளிக்கப் போன நேரம், சீனி சரியாக இருக்கிறதா என்று ஒரு துண்டு வெட்டித் தின்றாராம். பல்லில் பொம்மை கடிபட்டிருக்கிறது. நான் ஏசுவேன் என்று பயந்து, வளையத்தை இரண்டு பக்கமும் நெருக்கி ஒட்டி, மேலே க்ரீமைத் தடவிச் சீனியையும் தூவிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

ஏசவா? வகுப்புத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அழுதேன். மகள்தான் போனைப் பிடுங்கி, "டாடி, ரூல் இஸ் ரூல். நெக்ஸ்ட் கேக் நீங்கதான்" என்று தீர்ப்பு சொன்னாள்.

வார்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் அம்மாக்களிடம், "பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பழகியவள் நான். இப்போதெல்லாம் முதலில் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன், அந்தப் பதற்றம் என்னவென்று அன்றைக்கு எனக்கும் தெரிந்துபோச்சு.