மஞ்சள் வண்டிக்கு வந்த மூச்சுத்திணறல்

மெக்கானிக் தொழிலில், வண்டி ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அதற்கு என்ன வியாதி என்ற தீர்ப்பு நுழைந்துவிடும். தீர்ப்புச் சொன்னவர் டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவராக இருப்பார். நாம் கீழே கையெழுத்துப் போட்டால் போதும் என்று எதிர்பார்ப்பார்கள். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர்களே, மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்களே, பல் டாக்டர்களே, உங்களுக்கும் இந்தக் கொடுமை பழக்கம்தான் என்பதால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி என் ஷெட். பெயர் ஜாபர், ஊருக்கு நான் பாய். இருபது வருஷமாகக் கார் வேலை பார்க்கிறேன். போன வருஷம் வரை என் ஷெட்டுக்கு வந்த வண்டிகளிலேயே வேகமானது ஆம்புலன்ஸ்தான். பிறகு பிரகாஷ் சார் வந்தார். மனை விற்பவர். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்திருந்தார். மஞ்சள் நிறம். தரையோடு தரையாகக் கிடக்கும். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றையும் அது கோணலாகச் சாய்ந்து, யோசித்து யோசித்துத்தான் தாண்டும். அதற்கு இரண்டு வியாதி. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்காது. ஓடிவிட்டு நிறுத்தினால், சூடு ஆறும்வரை மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அந்த ஒரு வண்டியோடு நான் பட்ட ரெண்டு மாதப் பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

எலுமிச்சம்பழ வைத்தியம்

முதல் நாள் பிரகாஷ் சார் வண்டியை விட்டு இறங்கவே இரண்டு நிமிஷம் ஆனது. சீட் அவ்வளவு பள்ளத்தில் இருந்தது. இறங்கியவர் நேராக விஷயத்துக்கு வந்தார். வண்டி வாங்கி வந்த அன்றைக்கே தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம், குறிப்பாக எதிர்வீட்டு வாத்தியார் ரொம்ப நேரம் பார்த்தாராம். அன்றிலிருந்துதான் இழுவை கம்மியாகிவிட்டதாம். முன்பக்கம் குனிந்து பார்த்தேன். காற்று போகும் வலை முழுக்க எலுமிச்சை, மிளகாய், படிகாரம், கருப்புக் கயிறு, ஒரு ராட்சச முகப் பொம்மை. இஞ்சின் சுவாசிக்கிற வாசலில் ஒரு சின்னக் கோயிலே கட்டியிருந்தார்.

"சார், வண்டி மூச்சு விடுற எடத்துல இதெல்லாம் கட்டியிருக்கீங்க. மொதல்ல இதக் கழட்டணும்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஒரு மருத்துவ உண்மையைப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னார்:

"லெமன் கட்டுனா ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுது பாய், அது வாடுனாத்தான் திரும்பவும் ப்ராப்ளம்."

மல்லாட்டைக் கிடங்கு

பொம்மையைக் கழற்றியும் வண்டி இழுக்கவில்லை. காற்று வடிகட்டுகிற ஃபில்டர் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஃபில்டர் தெரியவில்லை. மல்லாட்டைதான் தெரிந்தது, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். தோலோடு, முற்றலாக, ஒரு படிக்குக் குறையாது. நடுவில் பஞ்சும் கோணிச் சணலும் வைத்து ஒரு மெத்தை. பிரகாஷ் சாரின் மாமனாருக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி. வாரத்தில் மூன்று நாள் இந்த வண்டி மண்டிக்குள்தான் நிற்குமாம். வெளியே நிறுத்தினால் மாடு உரசிவிடும் என்ற பயம். மாட்டுக்குப் பயந்து எலிக்குக் குடியிருப்பு கொடுத்திருந்தார்.

எல்லாவற்றையும் கொட்டி, புது ஃபில்டர் போட்டதும் இழுவை பாதி திரும்பியது. மாமனாரும் அன்றைக்குக் கூட வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் கொட்டிய குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து உடைத்தார், வாயில் போட்டு மென்றார். மருமகனின் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"நல்ல பருப்பு பாய், ஒரு பையில போட்டுக் குடுங்க."

விளக்கை அணைத்த டாக்டர்

பாதி இழுவைதான் வந்தது என்றேன் அல்லவா? மீதிப் பாதியை நான் தேடிக்கொண்டிருக்கும்போது பிரகாஷ் சாருக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்த மச்சானிடம் வண்டியைக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் படித்த பையன். லேப்டாப்பை வண்டியில் சொருகி, வீடியோ பார்த்துப் பார்த்து எதையெல்லாமோ மாற்றியிருக்கிறான். திங்கட்கிழமை வந்த வண்டியின் இரைச்சல் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது. சிக்னலில் நின்றால் உறுமும், கிளம்பினால் பக்கத்தில் ஷேர் ஆட்டோ தாண்டிப் போகும்.

என் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பிரஷர் கம்மி என்று வண்டி பல நாளாகக் கத்திக்கொண்டிருந்த எச்சரிக்கையையே அவன் அழித்து வைத்திருந்தான். மீட்டரில் எரிந்த மஞ்சள் விளக்கு இனிமேல் எதற்கும் எரியாது. காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுகிற வைத்தியம். ஏம்பா இப்படிப் பண்ணினாய் என்று போனில் கேட்டேன். அவன் குரலில் துளி வருத்தம் இல்லை.

"லைட்டு எரியுதுன்னுதான் மாமா சொன்னாரு, இப்ப எரியுதா பாருங்க."

தேரடி வீதியில் ஒரு மத்தியானம்

அவன் செய்ததையெல்லாம் பழையபடிக்கு மாற்றிக் கொடுத்தேன். பெட்ரோல் பம்ப் சந்தேகம், உதிரி வந்ததும் மாற்றுகிறேன், அதுவரை ஊருக்குள் ஓட்டாதீர்கள் என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் மத்தியானம் போன். வண்டி தேரடி வீதியில், ராஜகோபுரத்துக்கு நேரே நின்றுவிட்டது. மனை பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்கு இளநீர் வாங்கித் தருவதற்காக நிறுத்தினாராம். இரண்டு சீட்டு வண்டியில் ஒரு குடும்பத்தை எப்படி அழைத்துப்போனார் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பின்னால் ஆட்டோவில் வந்தார்கள். இப்போது ஆட்டோ ஓடுகிறது, வண்டி நிற்கிறது.

நான் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது பின்னால் ஆரன் சத்தம் கோபுர உயரத்துக்கு எழும்பியிருந்தது. வெளியூர்க்காரர்கள் வண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரகாஷ் சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. நாலு ஆட்டோக்காரர்கள் கைகொடுத்தார்கள். நியூட்ரலில் போட்டு, மதில் ஓரத்து நிழல்வரைக்கும் தள்ளினோம். அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அந்த ஆட்டோக்காரர்களில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, உண்மையான மரியாதையோடு சொன்னார்:

"காசு ஜாஸ்தி குடுத்த வண்டின்றது தள்ளும்போதுதான் பாய் தெரியுது, சும்மா வழுக்கிக்கினு போவுது."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை

இதுவரைக்கும் மற்றவர்களைக் கிண்டல் செய்தேன். இனி என் முறை. பம்ப் வந்தது. டேங்கைத் திறந்து பழையதை எடுத்தேன், புதியதை வைத்தேன், மூடினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, இழுத்தது. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு சார், தைரியமா போங்க" என்றேன். பெட்ரோல் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற பிரஷர் கேஜ் என் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை மாட்டி, வண்டி நன்றாகச் சூடேறும்வரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பசி நேரம். பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து, பிரகாஷ் சாரும் அவர் மனைவி கவிதாவும் போளூர் ரோட்டில் போயிருக்கிறார்கள். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். இவர் தாண்டுவதற்காக வலது பக்கம் ஏறி மிதித்திருக்கிறார். பாதியில் வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. எதிரே பஸ். டிராக்டருக்குப் பின்னால் திரும்பி வரவும் இடம் இல்லை. பஸ் டிரைவர் ஓரம் ஒதுங்கி மண்ணில் இறக்கியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையில் கவிதா ஆட்டோவில் தனியாக ஷெட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து நான் பதில்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பழைய வண்டி, மச்சான் கை வைத்தது, பெட்ரோல் சரியில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"நீங்க சரியாயிடுச்சுன்னு சொன்னீங்கன்னுதான் பாய் நான் அதுல ஏறினேன்."

ரெண்டு விரல் நீளம்

அன்றைக்கு வேறு வண்டி எதையும் தொடவில்லை. மஞ்சள் வண்டியைத் தூக்கிவரச் செய்து, பிரஷர் கேஜை மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தவரை முள் அசையவில்லை. சூடு ஏற ஏற, ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் முள் சரிந்தது. நிறுத்தியதும் ஒரு நிமிஷத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பம்ப் புதுசு. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியானால் பெட்ரோல் உள்ளேயே ஒழுக வேண்டும். டேங்கை மறுபடி திறந்தேன். பம்பிலிருந்து மேல்மூடிக்குப் போகிற ஓஸ், அதாவது பெட்ரோல் போகிற சின்னக் குழாய், ரெண்டு விரல் நீளம்தான் இருக்கும். வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் தலைமுடி அளவு வெடிப்பு. சூட்டில் அது வாய் திறக்க, பம்ப் ஏற்றுகிற பெட்ரோல் இஞ்சினுக்குப் போகாமல் திரும்ப டேங்குக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. இழுவை இல்லாததற்கும் ஸ்டார்ட் ஆகாததற்கும் அந்த ஒரே கீறல்தான் காரணம்.

பம்ப் மாற்றிய அன்றைக்குப் பழைய ஓஸைக் கழற்றியவன் நான். நன்றாகத்தானே இருக்கிறது என்று துடைத்துப் புது பம்பில் மாட்டியவனும் நான். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் சேகர் இருபது வருஷ சிநேகிதன். அவனைக் கூப்பிட்டு ஓஸைக் காட்டினேன், ஏதாவது ஆறுதல் சொல்வான் என்று. அவன் அதை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"இதக் கழட்டிப் பார்த்துட்டுத் திரும்ப மாட்டுனது எலியுமில்ல, அந்த மச்சானுமில்ல."

கவிதா ஓட்டினார்

புது ஓஸ் போட்டு, இந்தத் தடவை மூன்று நாள் மத்தியான வெயிலில் நானே ஓட்டினேன். நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். முள் சரியவில்லை. பிறகு இருவரையும் வரச் சொன்னேன். தப்பு என்னுடையது, பழைய ஓஸைத் திரும்ப மாட்டிவிட்டேன், சூடேற்றிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கவிதா ஓஸை வாங்கிப் பார்த்தார். பிறகு சாவியைக் கேட்டார். "நீங்க பக்கத்துல உக்காருங்க பாய்" என்றார். பிரகாஷ் சார் வாசலில் நின்றார்.

அவலூர்பேட்டை ரோட்டில் ஊரைத் தாண்டியதும் ஒரு கல் லாரி முன்னால் போனது. எதிரே ரொம்ப தூரம் யாரும் இல்லை. கவிதா இண்டிகேட்டர் போட்டு, வலது பக்கம் ஏறி மிதித்தார். நான் என்னை அறியாமல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு திணறலும் இல்லாமல் லாரியைத் தாண்டிப் போனது. அவர் ஒரு கடை வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்து முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்தது. அப்போதுதான் மிச்சத் தண்ணீரை என்னிடம் நீட்டினார்.

திரும்பி வந்ததும் பிரகாஷ் சார் என்னைத் தனியாக ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். நான் மன்னிப்பு கேட்டதைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கவலை வேறு.

"ஓஸுன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய், இவ்ளோ பெரிய வண்டிக்கு அசிங்கம், சென்சார்னு சொல்லுங்க."

சென்சாரின் புகழ்

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து சென்சார் வந்தது, பாய்தான் போட்டார், ராக்கெட் மாதிரி போகிறது என்று மனை பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். உண்மையை ஒத்துக்கொண்டதற்கு எனக்கு ஒரு ஆள்கூடக் கூடுதலாக வரவில்லை. அந்தப் பொய்க்கு ஒரு மாதத்தில் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். நேற்று ஒருவர் பதினைந்து வருஷத்து டீசல் வேனை ஓட்டி வந்தார். செங்கல் ஏற்றுகிற வண்டி, பின்னால் கறுப்புப் புகை. ஏர் ஃபில்டரைப் பார்க்கலாம் என்றேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம் பாய், அந்த மஞ்ச வண்டிக்குப் போட்டீங்களே, அதே சென்சாரு ஒண்ணு நமக்கும் போட்டு உட்ருங்க."

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வண்டியைச் சரி செய்வது பாதி வேலை, அதற்கு வண்டிக்காரருக்குப் பிடித்த மாதிரி ஒரு பெயர் வைப்பது மீதிப் பாதி வேலை.