ஈரக்காலும் காய்ந்தகாலும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஈரக்கால் அக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் காதில் விழாதபடி கூப்பிடும் அளவுக்குச் சாமர்த்தியமும் யாருக்கும் இல்லை. கட்டடக்கலை படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் மேசையில் வந்து விழுந்தவை எல்லாம் கழிவறைகளும் குளியலறைகளும்தான். கட்டடத்தின் முகப்பை ஒருவர் வரைவார். மாடிப்படியை ஒருவர் வரைவார். "அந்தத் தண்ணி சமாசாரத்தை எல்லாம் அக்கா பாத்துக்குவாங்க" என்று ஒரு மூலையைக் கிள்ளி அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அக்காவும் பார்த்துக்கொண்டாள். பார்த்துப் பார்த்து ஒரு சட்டமே போட்டுவிட்டாள். நனைந்த காலோடு நடப்பவர் வழியும் உலர்ந்த காலோடு நடப்பவர் வழியும் எந்த இடத்திலும் குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டால் வழுக்கும், சேறாகும், நாறும், கடைசியில் யாராவது இடுப்பை உடைத்துக்கொள்வார்கள்.

இதை அலுவலகத்தோடு விட்டிருந்தால் அவள் கணவர் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பார். வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு மிதியடி, ஓர் அடி தள்ளி இன்னொரு மிதியடி. முதலாவதில் நிற்கும்வரை ஈரக்கால். இரண்டாவதில் ஏறினால் காய்ந்தகால். இரண்டுக்கும் நடுவில் நின்று போன் பேசிய குற்றத்துக்காக அவர் ஒரு நாள் காலைச் சாப்பாடு முடியும்வரை வாங்கிக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போனால் எல்லாரும் மேடையைப் பார்க்க, அக்கா கைகழுவும் இடத்துக்குப் போய்த் தரையின் சாய்வைப் பார்த்துவிட்டு வருவாள். "எப்படி இருக்கா பொண்ணு?" என்று யாராவது கேட்டால், "தண்ணி தேங்குது" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஏரியே கிடைத்தது.

ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஏரியின் கரையில் நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்று அமைக்க ஏரிக் குழு முடிவு செய்திருந்தது. துடுப்புப் படகு, பாய்மரப் படகு, விசைப்படகு, நீச்சல், டீக்கடை, உடை மாற்றும் கட்டடம் எல்லாம் சேர்ந்த இடம். வரைபட வேலை அலுவலகத்துக்கு வந்தபோது முதலாளியின் மருமகன் விடுமுறையில் இருந்தான். அவன் இருந்திருந்தால் அது அக்கா பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

அக்கா விடவில்லை. குச்சிகளில் ரிப்பன் கட்டிக் கரையெல்லாம் நட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். புதிதாகப் படகு ஓட்டுகிறவர்கள் கவிழ்ந்தாலும் காற்றே அவர்களைக் கரைக்குத் தள்ளிவிடும் பக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தாள். விசைப்படகின் புகையும் இரைச்சலும் யார் மூக்கிலும் காதிலும் ஏறாத மூலைக்கு அதைத் துரத்தினாள். பார்வையாளர் படிக்கட்டை மாலை வெயில் முதுகில் விழும்படி திருப்பினாள். நடுவில், பூங்காவின் இதயம் மாதிரி, உடை மாற்றும் கட்டடம். அதன் ஒரு பக்கம் ஈரக்கால், மறுபக்கம் காய்ந்தகால், நடுவே தலைக்கு மேல் உயரமாக ஒரு சுவர். அந்தச் சுவரை வரைந்த அன்று அக்கா பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கணவர் பயந்துபோனார்.

பிறகு மருமகன் விடுமுறை முடிந்து வந்தான்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: முப்பரிமாணம். கட்டடம் எழும்புமுன்பே எழும்பியதுபோல் கணினியில் படம் காட்டுவான். அவன் படங்களில் எப்போதும் சூரியன் மறைந்துகொண்டிருக்கும். தொப்பி போட்ட ஒரு பெண்மணி நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வங்கிக் கட்டடத்திலும் அவள்தான், மருத்துவமனையிலும் அவள்தான். ஏரியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவளைக் கரைக்கும் கூட்டிவந்துவிட்டான். பின்னால் ஒரு கண்ணாடிக் கோபுரம்.

முதலாளி அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை குழுத் தலைவி வர்றாங்க. உங்க வரைபடம் அவங்களுக்குப் பிடிச்சா, கட்டி முடிக்கிறவரைக்கும் நீங்கதான் தலைமை. பிடிக்கலன்னா மாப்பிள்ளை பாத்துக்கட்டும்."

"அப்போ நான் சார்?"

"உங்களுக்கு என்னம்மா? உங்க வேலை எங்க போகப்போகுது? எந்தப் பூங்கான்னாலும் கழிவறை வேணுமே."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

எந்த வரைபடத்தையும் ஆள் விட்டு நடக்கவைத்துப் பார்க்காமல் அக்கா நம்பமாட்டாள். அதுதான் அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பாதி வண்டிகள் வெளியே போயிருந்தன. காலியான சிமெண்டுத் தரையில் கட்டடத்தை அதே அளவில் சாக்பீஸால் வரைந்தாள். நாற்காலிகள் குழாய்களாயின, துணிமணி வைத்துப் பூட்டும் பெட்டி அறையாயின. ஒவ்வொன்றிலும் அழகான எழுத்தில் அறிவிப்புத் தாள் ஒட்டினாள். காய்ந்தகால் பக்கம் நிற்க நாத்தனாரை வரவழைத்திருந்தாள். ஈரக்காலுக்குக் கணவர்.

"காலை மட்டும் நனைச்சா போதாதா?" என்றார் அவர்.

"ஈரம்னா முழு ஈரங்க. குளிரணும். அப்போதான் மனுஷன் உண்மையா நடப்பான்."

அவர் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், போன் மூன்றையும் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அக்கா வாளியை அவர் தலையில் கவிழ்த்தாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா ஆம்பளைங்க காரைக் கழுவுவாங்க. எங்க அண்ணி ஆம்பளையையே கழுவுறாங்க!"

"நீ பேசாம சுவருக்கு அந்தப் பக்கம் நில்லுடி. உனக்கு இவர் தெரியமாட்டார்."

"தெரியுதே அண்ணி. பல்லு நடுங்குறதுகூடத் தெரியுது."

"சுவர் இருக்குன்னு நினைச்சுக்கோ!" அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க படகுத்துறையிலேருந்து வர்றீங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அறிவிப்பைப் பாத்து நீங்களே போகணும்."

அவர் முதல் நாற்காலி அருகே குனிந்தார். மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "என்ன எழுதியிருக்கு?"

"படிங்க."

"கண்ணாடி அவகிட்ட இருக்கு."

"அவ காய்ந்தகால் பக்கம் இருக்கா. நீங்க குளிச்சு, பெட்டியைத் திறந்து, உடை மாத்திட்டு அந்த வாசல் வழியா வெளிய வந்துதான் அவகிட்ட போகணும்."

"உடை மாத்துற அறை எதுன்னு படிக்கத்தான் கண்ணாடி கேக்குறேன்."

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்!"

அவர் இருந்த இடத்திலிருந்தே உத்தேசமாகத் தங்கை நிற்கும் திசையைப் பார்த்தார். பிறகு சொட்டச் சொட்ட நேராக நடந்தார். தலைக்கு மேல் உயரமான சுவர், அக்கா பாடிக்கொண்டே வரைந்த சுவர், அவர் உள்ளங்காலில் அழிந்தது.

"சுவருங்க அது! சுவருக்குள்ள நடக்குறீங்க!"

"மன்னிச்சிரும்மா, இடிச்சிட்டேன்" என்றார் அவர், கண்ணாடியை வாங்கித் தங்கையின் துப்பட்டாவில் துடைத்தபடி.

"இவருக்கு எதுவுமே சொல்லித் தர முடியாது" என்று அக்கா நாத்தனாரை நனைக்க வந்தாள். நாத்தனார் கால்களை மட்டும் நீட்டினாள். வீட்டுச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனவள், திரும்பும்போது எல்லா அறிவிப்புகளையும் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, நேராக அண்ணனிடம் நடந்தாள்.

"உனக்குமா கண்ணு தெரியல?"

"தெரியுது அண்ணி. ஆனா சாவி இவர்கிட்ட இருக்கே. எங்கயாவது வெச்சுட்டு நிப்பார்."

தரையில் இரண்டு ஈரத் தடங்கள், இரண்டும் சுவரைக் கிழித்துக்கொண்டு. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்படிப் போகணும்னு நான் காட்டுறேன்" என்று தன் கைப்பையைக் கணவர் கையில் திணித்தாள். மிச்சம் இருந்த தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். கால் கழுவும் நாற்காலி, குளியல் நாற்காலி, பெட்டி அறை, உடை மாற்றும் சதுரம் என்று ஒன்றையும் விடாமல், தாண்டாமல், சட்டப்படி நடந்து, சட்டப்படி, நிறுத்தியிருந்த ஒரு வேனின் மறைவில் இருந்த வாசல் வழியாக வெளியே வந்தாள்.

அங்கே யாரும் இல்லை.

வேன் ஓரமாக எட்டிப் பார்த்தாள். கணவரும் நாத்தனாரும் படகுத்துறைப் பக்கம் நின்று, கையை நெற்றியில் வைத்து, அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பக்கம்தானே போனா?" என்று அவர் கேட்பது கேட்டது. "உங்க பொண்டாட்டி சுவருக்குள்ள காணாமப் போயிட்டாங்க" என்றாள் நாத்தனார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் விளையாடவில்லை. ஏரி என்று அவள் சொல்லிவைத்திருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கூப்பிடவில்லை. கணவர் கையில் இருந்த தன் பையைப் பார்த்தாள். தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொருவரும் கரையில் இருப்பவரிடம் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள், அதை வைத்திருப்பவரையும். இத்தனை வருஷமாக அவள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது புரிந்ததில் அவளுக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். மத்தியானம் முழுவதும் மேசை முன் உட்கார்ந்து வரைபடத்தில் சுவரை அழித்தாள், வரைந்தாள், மறுபடி அழித்தாள். சுவரை எடுத்துவிட்டால் சட்டம் போச்சு, ஊரெல்லாம் சேறு. வைத்தால் கரையில் ஒருவர் கைப்பையோடு நின்றுகொண்டே இருப்பார். மூன்றாம் முறை கணவர் டீ கொண்டுவந்தார். வரைபடம் நனையக் கூடாது என்று அவள் பக்கம் வராமல், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டிக் கொடுத்தார். அக்கா கோப்பையை வாங்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதும்மா, சீக்கிரம் வாங்கு" என்றார் அவர்.

வியாழக்கிழமை குழுத் தலைவி வந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, சொந்த பிளாஸ்கில் சொந்த டீ. மருமகன் முதலில் காட்டினான். சூரியன் மறைந்தது, கோபுரம் மின்னியது, தொப்பிக்காரி நாயோடு வந்தாள்.

"இந்தம்மா யாரு?" என்றாள் தலைவி.

"சும்மா… ஆளுங்க மேடம்."

"இவங்க தண்ணில இறங்குவாங்களா?"

"அது… நாய் இருக்கே."

அக்காவின் முறை வந்தது. வரைபடத்தின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். காற்று, வெயில், படகு எல்லாம் சொல்லி, நடுச்சுவருக்கு வந்தாள். அது இப்போது தலைக்கு மேல் இல்லை, இடுப்பு உயரம். மேல் பரப்பு அகலமாக, கூரையோடு, டீக்கடை ஓரமாக நீண்டு கிடந்தது.

மருமகன் காத்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஈரமும் காய்ந்ததும் சந்திக்கவே கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்க. இப்போ நீங்களே சந்திக்க வெச்சுட்டீங்களே?"

முதலாளி புருவத்தைத் தூக்கினார். கழிவறை மேசை ஒரு கணம் அக்காவின் கண்முன் வந்து போனது.

"கால் குறுக்கிடக் கூடாதுன்னு சொன்னேன் தம்பி. கை குறுக்கிடக் கூடாதுன்னு எப்போ சொன்னேன்? இந்தச் சுவரை யாரும் தாண்ட முடியாது. ஆனா எட்டிக் கொடுக்கலாம், வாங்கலாம். மேல சொட்டுற தண்ணி முழுசும் ஈரப் பக்கத்துக்கே ஓடும், சாய்வு அப்படி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "நீங்க விடுமுறையில கடலுக்குப் போனீங்களே. இறங்கும்போது போனை யார்கிட்ட கொடுத்தீங்க?"

"வீட்டுக்காரிகிட்ட."

"வெளிய வந்ததும் முதல்ல எங்க போனீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "எங்க போவார்? என் பொண்ணுகிட்டதான். போகாம இருந்து பாக்கட்டும்!"

சிரிப்பு அடங்கியதும் தலைவி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அதில் சின்னதாக ஒரு கருவி. "நான் தினமும் நீந்துறவ. இறங்குறதுக்கு முன்னாடி இதைக் கழட்டி எங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடுவேன். கரை ஏறினா அவர் எங்கிருந்து கத்துறார்னு எனக்குக் கேக்காது. அவரும் கத்துறதை நிறுத்தமாட்டார்." வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இந்தச் சுவர் மேல பிளாஸ்க் வெக்க இடம் இருக்குமா?"

"இருக்கும் மேடம். சாயாது."

"அப்போ கட்டுங்க."

தலைவி போனபிறகு முதலாளி அக்காவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "தலைமை நீங்கதான். வாழ்த்துகள். கழிவறையை இனிமே வேற யார்கிட்டயாவது—"

"அதெல்லாம் முடியாது சார்" என்றாள் அக்கா. "அது என் கைல இருக்கட்டும். சாய்வைக் கெடுத்துடுவாங்க." மருமகனுக்கு அறிவிப்புப் பலகைகள் எழுதும் வேலையைக் கொடுத்தாள், மூக்குக்கண்ணாடி இல்லாதவரும் படிக்கும்படி பெரிய எழுத்தில்.

அந்த வாரக் கடைசியில், குளித்துவிட்டு வந்த கணவர் முதல் மிதியடியில் நின்று வழக்கம்போல் சுவரைத் தடவினார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கை எட்டும் உயரத்தில் புதிதாக ஒரு சின்னப் பலகை. அதன்மேல் மூக்குக்கண்ணாடி. ஈரப் பக்கம் பார்த்து மெல்லிய சாய்வு.

அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையை நன்றாகப் பார்க்கலாம் என்று அரை அடி முன்னால் வந்தார்.

"எங்க நிக்கிறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு மிதியடிக்கும் நடுவுலதானே?"