ஹாலுக்கு வெளிர் நிறம், பாத்ரூமுக்குச் சொரசொரப்பு

வீட்டுக்கு டைல்ஸ் போடுவது என்று முடிவெடுத்தவள் என் மனைவி. நான் மறுக்கவில்லை. ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிய குளங்களைத் தாண்டி ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், மலிவு விலை வீடு எங்களுடையது. வாங்கும்போது தரை வெறும் சிமெண்டுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பூப்போட்ட பிளாஸ்டிக் பாய் வாங்கி அதன்மேல் விரிப்போம். அடுத்த தீபாவளிக்குள் அது நாற்காலிக் கால் பட்டுக் கிழிந்து, ஓரம் சுருண்டு, அடியில் ஈரம் பிடித்துக் கறுத்திருக்கும். அதைச் சுருட்டி வெளியே போடும்போதெல்லாம், ஒரு நாளைக்கு டைல்ஸ் போட்டுவிட வேண்டும் என்பாள். அப்படியே பல தீபாவளிகள் போயின.

அவள் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வீட்டில் வளர்ந்தவள். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை பார்த்தாள். நான் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரார் பிள்ளைகளை நான் ஏற்றி இறக்கினேன், ஊரார் நடந்த தரையை அவள் துடைத்தாள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அவள் அம்மாவுக்கும் இருந்தது. ஐம்பதைத் தாண்டியபோது கண் மங்கத் தொடங்கியது. லேசர் வைத்தார்கள். அதற்கு மேல் மங்காது என்றார்கள், மங்கியது. ஹோட்டலில் வாளியைத் தட்டிவிட்டு விழுந்தாள். அதோடு வேலையை விட்டாள். அப்புறம் ஒரு நாள் எங்கள் பாத்ரூமில், பாசி பிடித்த சிமெண்டில் கால் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்தாள். குழாய் கையோடு வந்துவிட்டது. நான் தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்தபோது, நனைந்த சேலையோடு கதவில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னாள்.

"இனிமே தள்ளிப்போட வேணாங்க. கண்ணு கொஞ்சமாச்சும் இருக்கும்போதே போட்டுடலாம். நானே பாத்து எடுக்கணும்."

சேமநிதிப் பணம் என் கைக்கு வந்திருந்த சமயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்குப் போனோம்.

அது சீனருடைய கடை, பெரிய கொட்டகை. உள்ளே டைல்ஸ்களைப் புத்தகம்போல வரிசையாகச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்தார்கள். காம்பாரிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் எங்களைக் கவனித்துக்கொண்டாள். பளிங்குபோல மின்னுகிற பெரிய பெரிய டைல்ஸ்களை முதலில் காட்டினாள். இப்போது எல்லாரும் ஹாலுக்கு இதைத்தான் போடுகிறார்கள், ஹால் பெரிதாகத் தெரியும் என்றாள். என் மனைவி அதைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு நகர்ந்தாள். ஹோட்டல் லாபியில் இதே மாதிரிதான் இருந்ததாம். தண்ணீர் கிடந்தாலும் தெரியாது, எல்லாம் ஒரே மினுக்கம். நல்ல கண் உள்ளவர்களே வழுக்கி விழுந்தார்கள் என்றாள்.

ஹாலுக்கு அவள் எடுத்தது மணல் நிறத்தில், மினுக்கமில்லாத, பூவோ கோடோ இல்லாத டைல்ஸ். மாத்திரை கீழே விழுந்தால் தெரிய வேண்டும் என்றாள். சமையலறைக்கு அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறம், மஞ்சள்தூள் கறை காட்டாமல் இருக்க. வெள்ளை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். முன்வாசலில் என் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்துக்கு வரிவரியாகத் தடித்த டைல்ஸ், மழையில் சக்கரம் இழுக்காமல் இருப்பதற்கு. படுக்கையறைக்கு மட்டும் வழுவழுப்பான ஒன்றைப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்தாள். அங்கே யார் ஓடப்போகிறார்கள், ஒரு அறையாவது பார்க்க அழகாக இருக்கட்டும் என்றாள்.

பாத்ரூம் டைல்ஸுக்குத்தான் நேரமானது. சின்னச் சின்னதாக, சொரசொரப்பாக இருந்த ஒன்றைத் தரையில் பரப்பித் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னாள். அந்தப் பெண் முகம் கோணாமல் போத்தலில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்தாள். கீழே குனிந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"நீங்க மிதிச்சுப் பாருங்க" என்று என்னிடம் சொன்னாள்.

நான் ஏறி நின்றேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. டைல்ஸ் பாதத்தைப் பிடித்து நிறுத்துவதுபோல இருந்தது. நன்றாகச் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டைல்ஸ் போட்ட பிறகு சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். மழையைப் பார்த்தபடியே நின்றவள் கேட்டாள்.

"கடையில ஊத்துன அந்தத் தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

"ஆமா. ஏன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க. சொரசொரப்பும் தெரியல. பஞ்சுமேல நிக்கிற மாதிரி இருந்துச்சு."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச காலமாகவே அப்படித்தான் என்றாள். ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடை வரைக்கும் நடந்து போயிருக்கிறாள், பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். கல்யாணத்துக்கு முன்பு அந்தக் காலுக்கு மருந்து கட்டியவள் இவள்தான்.

மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தூண்டில் நரம்புபோல இருந்த ஒரு மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது ஆமா என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலில் தொட்டார், குதிகாலில் தொட்டார். அவள் பேசவில்லை. எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது என்று நினைத்தாளோ என்னவோ, அவர் கையை எடுத்திருந்த நேரத்தில் "ஆமா" என்றாள். இன்னொரு முறையும் அப்படியே சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இனிமேல் வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும், வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்றார். வெளியே வந்ததும் அவள், "டைல்ஸ் போட்டும் மிதிக்க முடியாது போல" என்றாள்.

டைல்ஸ் பதிக்க இந்தோனேசியாக்காரர் ஒருவர் வந்தார். சாமான்களையெல்லாம் முன்வாசலில் குவித்துப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டு, ஓர் அறை முடிந்ததும் அடுத்த அறைக்கு மாறி மாறிப் படுத்தோம். வீடெல்லாம் சிமெண்டு வாசம். அவள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சின்னப் படியை இடித்துச் சமப்படுத்தச் சொன்னாள். பாத்ரூமில் தண்ணீர் எங்கும் தேங்கக் கூடாது என்று ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு வாட்டம் பார்த்தாள். பழம் வடிகால் பக்கம் போகாமல் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டது. அந்த மூலையைப் பெயர்த்து மறுபடியும் பதிக்கும்படி மலாயில் அவரிடம் சண்டை பிடித்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்தார். அவள் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான், அதுதான் கடைசியும்.

வேலை முடிந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்த பிறகு ஹாலில் நடுவாக உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தபடி வெகுநேரம் இருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன். தலையாட்டினாள்.

டாக்டர் சொன்னபடி வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டாள். சாமி கும்பிடும்போது மட்டும் கழற்றுவாள். அப்புறம் குளிக்கும்போது. ஈரத்தில் ரப்பர் செருப்பு வழுக்குகிறது என்றாள். அதுவும் உண்மைதான்.

ஒரு நாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஹால் டைல்ஸில் சிவப்பாகச் சின்னச் சின்னத் தடங்கள் இருந்தன, அரை வட்டம் அரை வட்டமாக. பாத்ரூம் வாசலில் தொடங்கி, சாமி படத்துக்கு முன்னால் போய், அங்கிருந்து சமையலறைக்குப் போயிருந்தன. மணல் நிறத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. குங்குமம் கொட்டிவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தேன். சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்றாள். அன்று வானொலியில் கேட்ட ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"உன் கால்ல ரத்தம்" என்றேன்.

"எங்க?" என்று கையில் கத்தியோடு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது குதிகாலின் ஓரம் சிராய்ந்து தோல் உரிந்திருந்தது. குளிக்கும்போது அழுக்குப் போக அந்தச் சொரசொரப்பில் காலைத் தேய்த்திருக்கிறாள், தோட்டத்தில் கல்லில் தேய்ப்பதுபோல. எவ்வளவு தேய்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வலி இருந்திருந்தால் நிறுத்தியிருப்பாள்.

சின்னக் காயம்தான். வேறு யாருக்காவது என்றால் ஒரு வாரத்தில் காய்ந்திருக்கும். தினமும் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்றினோம். அங்கிருந்த மிஸ்ஸிகள், தாதிமார், நல்லவர்கள், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கழுவிக் கட்டினார்கள். காயம் ஆறுவதுபோல இருக்கும், இரண்டு நாளில் மறுபடியும் வாய் திறந்துகொள்ளும். பிறகு ஓரங்கள் கறுத்தன. வாடை வரத் தொடங்கியது. அந்த வாடையை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த வாடை.

பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட அவளே பேனாவை வாங்கிக்கொண்டாள். எங்கே போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்டாள். கண்ணுக்குக் கோடு தெரியவில்லை. அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது சக்கர நாற்காலி பாத்ரூம் கதவுக்குள் நுழையவில்லை. அதை நாங்கள் யோசித்ததே இல்லை. தரையை எப்படியெல்லாமோ யோசித்தோம், கதவை மறந்துவிட்டோம். நாற்காலியை வாசலில் நிறுத்திவிட்டு நான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். பகலில் நான் பஸ்ஸோடு போய்விடும்போது அவள் தரையில் உட்கார்ந்தபடி கையை ஊன்றி நகர்ந்து போகக் கற்றுக்கொண்டாள். ஹாலில் அது சுலபமாக இல்லை. வழுக்காமல் இருக்க வேண்டும் என்று தேடி எடுத்த டைல்ஸ் அது, துணியைப் பிடித்து இழுத்தது. ஹாலின் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நாள் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு முதல்ல காட்டுச்சே, அந்தப் பளபளப்பையே போட்டிருக்கலாம். நகர்றதுக்கு வசதியா இருந்திருக்கும்."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வேறு போடலாமா என்று கேட்டேன், கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். இன்னும் எத்தனை காலத்துக்கு என்றாள்.

படுக்கையறையில் மட்டும் அவளால் எளிதாக நகர முடிந்தது. அழகுக்காக எடுத்த அந்த வழுவழுப்பு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே இருக்கத் தொடங்கினாள். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டு போனேன். வானொலிப் பெட்டியும் அங்கே போனது. ஹாலில் இப்போது யாரும் உட்காருவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நான் துடைக்கிறேன். நான் துடைப்பது அவளுக்குத் திருப்தியில்லை. கதவருகே வந்து தலையை நீட்டி, துணியை நன்றாகப் பிழியவில்லை, அதுதான் திட்டுத்திட்டாகக் காய்கிறது என்பாள். காய்வது அவளுக்குத் தெரிகிறதா, சத்தத்தை வைத்துச் சொல்கிறாளா என்று நான் கேட்பதில்லை.

மிச்சமிருக்கும் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலையில் நான் பஸ் எடுப்பதற்கு முன்னால் அவள் கட்டிலில் காலை நீட்டுவாள். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு விரலிடுக்குகளையும் குதிகாலையும் பார்ப்பேன். "என்னா தெரியுது?" என்று கேட்பாள். ஒன்றும் இல்லை என்பேன். பிறகு தேநீர் போடப் போவேன்.

போன வெள்ளிக்கிழமை சுண்டுவிரலின் அடியில் ஒரு புள்ளி இருந்தது. மிளகு அளவுகூட இல்லை. அழுக்காக இருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன். என் கை அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் நான் பேசாமல் இருந்தது தெரிந்துவிட்டது.

"கறுப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் காலை இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"நீங்க பிள்ளைங்கள ஏத்திவிட்டுட்டு வாங்க" என்றாள். "அதுங்களுக்கு நேரமாச்சு. வந்தப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."