அடித்துவிட்ட பத்தி

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் காந்திமதி பதினெட்டு வருடமாக விலங்கியல் ஆசிரியை. பிளஸ் டூ பாடம் எதையும் தொடங்கும் முன், தேர்வில் கேட்காத பத்திகளை மாணவிகள் ஸ்கேல் வைத்து அடித்துவிட வேண்டும். அதுதான் அவருடைய முறை. தேர்ச்சி விகிதமும் குறைந்ததில்லை.

2006 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை நரம்பு மண்டலம் வந்தது.

"நியூரான் படம் முக்கியம், விடக்கூடாது. அடுத்த பத்தி, துணை செல்கள். அதை அடிச்சிடுங்க."

"அதெல்லாம் என்ன செய்யும் டீச்சர்?"

"நியூரானைச் சுத்தி இருக்கும். அவ்வளவுதான்."

அந்தத் திங்கட்கிழமைதான் லேப் அட்டெண்டர் அக்தர் வந்து நின்றார். பதினான்கு வருடமாகக் கண்ணாடித் தகடுகளைக் கழுவி, மைக்ரோஸ்கோப்புகளைத் துடைத்து வைப்பவர். ஒரு செய்முறைத் தேர்வுகூட அவரால் தடைபட்டதில்லை என்பதை காந்திமதி நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ரெண்டு காலும் மரத்துப் போய்கினே கீது டீச்சர். எறும்பு ஊர்ற மாதிரி."

"செருப்பை மாத்து அக்தர்."

புதன்கிழமை தகடுகள் இருந்த தட்டு விழுந்தது. வியாழக்கிழமை மைக்ரோஸ்கோப்பே விழுந்து லென்ஸ் உடைந்தது. நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?" என்று கேட்டார் காந்திமதி. வகுப்பே சிரித்தது. அக்தரும் சிரிக்கப் பார்த்தார்.

அன்று மதியமே காந்திமதி தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினார்: அக்தருக்குப் பொறுப்பில்லை, லேபுக்கு வேறு ஆள் வேண்டும், இவரை வாசல் காவலுக்கு மாற்றலாம். மாடியிலிருந்து ஆபீசுக்குப் போகும் கடிதங்களை எடுத்துப் போவது அக்தர்தான். அதை இரண்டாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். பழக்கம். யாரைப் பற்றிய கடிதம் என்பது அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்தர் வரவில்லை. காலையில் கட்டிலை விட்டு எழவே முடியவில்லையாம். மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏறிப் போனார் காந்திமதி. கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. வார்டு வாசலில் டாக்டர் அவசரமாக விளக்கினார்.

"நரம்பு சாகலைங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே அதைச் சுத்தியிருக்கிற உறையைத் தின்னுடுச்சு. உறை இல்லேன்னா சேதி வழியிலேயே தேங்கிடும், கைக்குப் போகாது. அந்த உறையைப் போடுற துணை செல்லுங்க திரும்பப் போடும். மாசக்கணக்கா ஆகும்."

காந்திமதி தலையாட்டினார். தாமே கோடு போட்டு அடிக்கச் சொன்ன வரிகள் அவை. கால் மரப்பு, பிறகு கை: அந்த நான்கு நாளும் பாடம் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது.

அக்தரின் மனைவி மெஹர் பானு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க டீச்சர். லேப் சாவி யார்கிட்ட கீதுன்னு காலைலேர்ந்து ஒரே பேஜார் இவரோட."

"லென்ஸ் வந்துச்சா டீச்சர்?" என்றார் அக்தர்.

"அக்தர், அந்த வியாழக்கிழமை ஒரு லெட்டர்..."

"தெரியும் டீச்சர். மாடிப்படியில வுழுந்துருச்சு. குனிஞ்சு எடுத்தா வெரல்ல நிக்கல. நாலு வாட்டி எடுத்தேன். பிரிஞ்சிக்கிச்சு, கண்ணுல பட்டுருச்சு."

மெஹர் பானு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படிச்சிட்டும் ஏன் கொண்டுபோய்க் குடுத்தீங்க?" முதன்முறையாக அவரை 'நீங்க' என்றார் காந்திமதி.

"நீங்கதான குடுக்கச் சொன்னீங்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளத் தயாரித்தவை என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. சாவி தம்மிடம் இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை காலை வேறொரு கடிதம் எழுதினார். அக்தரின் நோயைத் தாம் கவனிக்கத் தவறியதாகவும், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், அவர் வரும்வரை லேப் வேலையைத் தாமே பார்ப்பதாகவும் அதில் இருந்தது. மடித்ததும் பழக்க தோஷத்தில் வாசல் பக்கம் திரும்பி, "அக்தர்!" என்று கூப்பிட்டுவிட்டார்.

முன் பெஞ்சுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காந்திமதி கடிதத்தை எடுத்துக்கொண்டு தாமே படியிறங்கினார்.