மைன்ஸ் மைதானத்தில் என் அணியைத் திரும்ப வாங்கிய சனிக்கிழமை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். புதுப் பதிவு ஏறினால் உங்களில் சிலருடைய கைப்பேசி சிணுங்கும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, பகலில் மகிழ் என்னைக் கணினிப் பக்கம் அண்ட விடுவதில்லை. மகளுக்கு ஒரு வயது இரண்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் தூங்கினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன், காய்ச்சல் இல்லை. திரும்பப் போய்த் தொட்டால் எழுந்துவிடுவாள் என்ற பயத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து மைன்ஸுக்குப் போய் வந்தேன். குழந்தையோடு தனியாகச் செய்த முதல் ரயில் பயணம். போன காரியம், பேஸ்பால் பார்ப்பது. ஜெர்மனியில் பேஸ்பாலா என்று முன்பு ஒரு பதிவில் பலர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஊருக்கு வெளியே, விளையாட்டுத் திடல்களுக்குப் பின்னால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாமல் இருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு வருடம் முதுகலை படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. திருச்சியில் இருந்தவரை கிரிக்கெட்டே பார்க்காதவள், அங்கே அறைத்தோழிகளோடு மலிவான மேல்வரிசைச் சீட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு கத்துவதற்கு ஆள் இல்லை. கணவர் பிரபுவுக்கு மாதத்தில் பாதி நாள் ஹம்பர்க்கில் வேலை. அப்போது கிடைத்ததுதான் எங்கள் லீக்.

லீக் என்றால் நிஜமாக ஓடி விளையாடுவது இல்லை. ஜெர்மனியில் இருக்கும் தமிழர்கள் பத்துப் பேர், ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் ஆடும் நிஜ வீரர்களைப் பங்கு பிரித்து எடுத்துக்கொள்வோம். அவர்கள் அங்கே அடிப்பதும் எறிவதும் இங்கே எங்களுக்குப் புள்ளிகள். ஒருவரை வாங்கினால், அவருடைய நிஜ ஒப்பந்தம் முடியும்வரை அவர் நம் தலையில்தான். யாரை விற்பது, யாரை மாற்றுவது என்று வாட்ஸப்பில் நாள் முழுக்கச் சண்டை நடக்கும். பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். என் தமிழை அவர்கள் கேலி செய்வார்கள், அவர்களுடையதை நான் செய்வேன்.

வருடத்தில் ஒருமுறை ஜூலையில் நேரில் கூடுவோம். தொடர்ந்து இரண்டு வருடம் வராதவரின் இடம் போய்விடும். போன ஜூலையில் மகிழுக்கு இரண்டு மாதம், நான் போகவில்லை. ஆக, இந்த முறை போகாவிட்டால் என் இடம் காலி. பகல் முழுக்க நான் தமிழில் பேசுவது இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தையோடு. அந்த லீக்கும் போய்விட்டால் மிச்சம் என்ன என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

இனி பயணம். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து மைன்ஸுக்கு ஷ்பையர், வோர்ம்ஸ் வழியாக மாறாமல் போகும் வட்டார ரயில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டொய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவில்லை, கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் கோடைச் சனிக்கிழமையில் தள்ளுவண்டிக்கான இடத்தில் சைக்கிள்கள் நிறைந்துவிடும். புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே நடைமேடைக்குப் போய்விடுங்கள். நான் நாற்பது நிமிடம் முன்பே போய் நின்றேன், அது என் வியாதி. பையில் டயபர் எட்டு, மாற்றுடை மூன்று, காய்ச்சல் மருந்து, வெப்பமானி. வோர்ம்ஸ் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டித் திராட்சைச் சரிவுகள் வரும், வலது பக்கம் உட்கார்ந்தால் அவ்வப்போது ரைன் ஆறு தெரியும் என்றார்கள். நான் பார்த்தது மகிழ் மூச்சு விடுவதைத்தான்.

மைன்ஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், பிறகு பத்து நிமிட நடை. நுழைவு ஆறு யூரோ. ஒரே நாளில் இரண்டு ஆட்டம், நடுவில் முக்கால் மணி நேர இடைவேளை. வீரர்களின் அம்மாக்கள் கேக் விற்கிறார்கள், துண்டு இரண்டு யூரோ. கோட்டுக்கு வெளியே பறந்துபோன பந்தைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளைக்கு ஒரு கை நிறைய ஜெல்லி மிட்டாய்.

வலைக்குப் பின்னாலிருந்த வரிசையில் ஏழு பேர் வந்திருந்தார்கள். லீக்கின் தலைவர் ரூபன் அண்ணை, பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்பவர். இளவயதில் அமெரிக்கப் படைமுகாம் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது பிடித்த பேஸ்பால் பைத்தியம்.

"வாங்கோ தங்கச்சி! இவவோ ஆள்? இவவோ எங்கட பதினோராவது ஓனர்?" என்று மகிழைக் காட்டிக் கேட்டார்.

"அண்ணை, லீக்கில பத்துப் பேர்தான். நீங்கள் விளையாட்டுக்கும் பதினொண்டு எண்டு சொல்லாதேங்கோ" என்றான் தர்ஷன். டுசல்டோர்ஃபில் பிறந்து வளர்ந்தவன், வங்கியில் வேலை, சட்டம் பேசுவதில் மன்னன்.

மூன்றாவதாக, தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து, கேட்காமலே மகிழின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஜெனி. மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி செய்கிறாள். மைன்ஸிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, மலைப்பக்க ஊர் ஒன்றில் தனி அறை. நான் பிள்ளை பெறப் போனபோது என் அணியைப் பார்த்துக்கொள்ள வந்த மாற்றாள் அவள்தான்.

"அக்கா, உங்கட ப்ளொக்கை வாசிச்சுத்தான் நான் இந்த விசருக்குள்ள வந்தனான்" என்றாள். பைத்தியத்தைத்தான் அவர்கள் விசர் என்பார்கள்.

முதல் ஆட்டம் முடிந்ததும் மரமேசையில் ரோல்ஸும், சோமாசி போன்ற மீன் பற்றீஸும் பரப்பப்பட்டன. எங்கள் லீக்கில் கை குலுக்கினால் பரிமாற்றம் முடிந்ததாகாது. கொடுக்கிறவர் ஊட்ட, வாங்குகிறவர் ஒரு வாய் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு பேச்சு மாற முடியாது.

தர்ஷன் ஓர் எறிவீரரை ரூபன் அண்ணையிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வீரருக்கு எங்கள் பெயர் 'முழங்கை', அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்.

"அவனை வாங்கி என்ன செய்யப்போறீர்? பிரேம் போட்டு மாட்டவோ?" என்றார் ரூபன் அண்ணை.

"அடுத்த வருசம் வந்து எறிவான்."

"இன்னும் நாலு வருச ஒப்பந்தம் கிடக்கு. நாலு வருசமும் ஒரு முழங்கைக்குச் சோறு போடோணும். யோசியும்."

"தாத்தாவுக்கே சோறு போடுறன், இவனுக்குப் போட மாட்டனே?"

தாத்தா என்பது முப்பத்தெட்டு வயது முதல்தள வீரர். நான் படித்த ஊரின் அணிக்காரர், மேல்வரிசையிலிருந்து நான் கத்தியது அவருக்காகத்தான். அவரைத் தர்ஷனிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு இரண்டு இளம் பையன்களை வாங்கியவள் ஜெனி. நான் விட்டுப்போனபோது கடைசியில் கிடந்த என் அணி இப்போது மூன்றாம் இடம். பட்டியலில் எனக்குத் தெரிந்த பெயர் நான்குதான் இருந்தது.

"உண்மையைச் சொன்னா அந்த ட்ரேடே செல்லாது" என்று ஆரம்பித்தான் தர்ஷன். "ஜெனி ஃபெர்ட்ரெட்டுங், மாற்றாள் மட்டும்தானே. பதிலுக்கு வந்த ஆள் வீட்டைக் கூட்டலாம், விக்க ஏலாது."

"நான் ஊட்டின பற்றீஸை ஏன் அப்ப திண்டனீங்கள்?" என்றாள் ஜெனி. எல்லோரும் சிரித்தார்கள்.

"திண்டது திண்டதுதான். ட்ரேட் செல்லும்" என்று ரூபன் அண்ணை தீர்த்துவைத்தார்.

தர்ஷன் விடவில்லை. "சரி, செல்லட்டும். ஆனா வாணி அக்கா வந்திட்டா. அப்ப ஃபெர்ட்ரெட்டுங் முடிஞ்சுது. பத்து இடத்துக்குப் பத்துப் பேர்."

ரூபன் அண்ணை தாடையைச் சொறிந்தார். "அமெரிக்காவில ஒருத்தன் தகப்பனானா அவனுக்கு மூண்டு நாள் லீவு. அவன்ர இடத்தில வேற ஒருத்தன் விளையாடுவான். நாலாம் நாள் அவன் வந்து நிண்டா, மற்றவன் பெட்டியைக் கட்டோணும். ரூல் அப்பிடித்தான் கிடக்கு. ரெண்டு பேரும் ஒரு ரீமை வைச்சிருந்தா என்ன?"

"ஒரு ரீமுக்கு ரெண்டு வாயெண்டா ஒரு ட்ரேடும் நடக்காது அண்ணை."

"தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட இடம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் மகிழ் நெளிந்து அழ ஆரம்பித்தாள், பால் நேரம் தாண்டியிருந்தது. பால்புட்டியை எந்தப் பையில் வைத்தேன் என்று நினைவில்லை. "எனக்கு என் டீம் வேணும் அண்ணா" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ஜெனி அதற்குள் புட்டியை எடுத்து நீட்டினாள். பிறகு பற்றீஸில் ஒரு துண்டு பிய்த்தாள். "வாயைத் திறவுங்கோ அக்கா. தாத்தாவுக்குப் பதிலா நான் வாங்கின ரெண்டாம் தளத்துப் பெடியனை வித்துப்போடாதேங்கோ. செப்டெம்பர்ல வெடிப்பான்."

சாப்பிட்டேன். கைதட்டினார்கள்.

இரண்டாம் ஆட்டத்தின் பாதியில் நானும் ஜெனியும் ஒன்றாகத்தான் பஸ் நிறுத்தம் வரை வந்தோம். தள்ளுவண்டியை அவள் தள்ளினாள். வேலை எப்படி என்று கேட்டேன். "அங்க எல்லாரும் எண்பதுக்கு மேல, ஜெர்மன்தான். பின்னேரம் அறைக்கு வந்து உங்கட சண்டையளை வாசிச்சுச் சிரிப்பன். பக்கத்து அறைக்காரி சுவரில தட்டுவா" என்றாள். நான் சிரித்தேன். ஞாயிறு காலை அவளுக்கு வேலை என்பதால் சீக்கிரம் போக வேண்டும் என்றாள். நிலையத்தில் அவள் நடைமேடை வேறு.

ரயில் வோர்ம்ஸில் நின்றபோது கைப்பேசியைப் பார்த்தேன். குழுவில் சிறிய சாம்பல் எழுத்தில் ஒரு வரி. ரூபன் ஜெனியை நீக்கினார். லீக்கில் இடம் இல்லாதவர் குழுவில் இருக்கக்கூடாது என்பதும் எங்கள் விதிதான். நான் இருந்த காலத்தில் எல்லோரும் சேர்ந்து வைத்தது. அந்த வரிக்குக் கீழே அதற்குள் முழங்கையைப் பற்றிப் பன்னிரண்டு செய்திகள்.

குழந்தையோடு போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வலைக்குப் பின்னால் மட்டும் உட்காருங்கள், பக்கவாட்டுப் புல்வெளி அழகாக இருந்தாலும் பந்து அங்கேதான் விழும். நிழல் குறைவு, வண்டிக்குக் குடை அவசியம். டயபர் மாற்றத் தனி இடம் கிடையாது, விரிப்பு கொண்டுபோங்கள். இரண்டு ஆட்டமும் பார்க்க ஆசைப்படாதீர்கள். எனக்கு மொத்தச் செலவு பதினாறு யூரோ, கேக்கும் காப்பியும் சேர்த்து. திரும்பும் ரயிலின் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், நேரடி ரயில் அடிக்கடி இல்லை. முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப்போங்கள். இரண்டு கையும் குழந்தையிடம் இருக்கும்போது, கேட்காமலே பையை வாங்கிக்கொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரூபன் அண்ணையை அழைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொள்கிறோம், தர்ஷனை நான் சமாளிக்கிறேன் என்றேன். "அதை நேற்று மேசையில சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு ஓம். ஆனா அந்தப் பிள்ளையும் ஓம் எண்டு சொல்லோணுமெல்லே."

ஜெனி, இரண்டு செய்தி அனுப்பினேன். இரண்டையும் பார்த்திருக்கிறீர்கள், பதில் இல்லை. நீங்கள் இந்த வலைப்பூவை வாசிப்பவர் என்பதால் இங்கே எழுதுகிறேன். இரண்டாம் தளத்துப் பையனைக் கேட்டுத் தர்ஷன் தினமும் தொல்லை கொடுக்கிறான், நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கக்கூடாது என்று அவனுக்கு விளக்கவும் எனக்குத் தெரியவில்லை, அது உங்களுக்குத்தான் தெரியும். இந்த மாதக் கடைசியோடு பரிமாற்றம் மூடிவிடும். அதற்கு முன், ஓம் என்றோ ஏலாது என்றோ, எதுவானாலும் சரி, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.