வளைவில் கேட்ட சைக்கிள் மணி

பனியில் நனைந்த பிரேக் ரப்பர் தேயும் வாசம்தான் என் பள்ளிக்கூடக் காலைகளின் வாசம். இலங்கை மலைநாட்டில் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குடியிருந்த நாங்கள், அப்பா ஆசிரியராக இருந்த மேல்தோட்டத்துப் பள்ளிக்கு அவருடைய சைக்கிளில்தான் போவோம். ஏற்றத்தில் அவர் இறங்கித் தள்ள, நான் முன் "பாரில்" உட்கார்ந்தபடியே போவேன்.

அந்தப் பனிமூட்டத்தில் எதிரெதிரே வரும் சைக்கிள்காரர்களுக்குள் சில மரியாதைகள் இருந்தன. இறங்கி வருபவர் வளைவுக்கு முன்னால் இரண்டு முறை மணியடிப்பார், ஏறுபவர் ஒரு முறை பதில் கொடுப்பார். ஏறுபவருக்கு மலையோரத்தை விட்டுக்கொடுத்து, இறங்குபவர் பள்ளத்தோரமாக நிற்பார். மண் சரிந்திருந்தால் சொல்லாமல் போகமாட்டார். எங்களுக்குத் தினமும் எதிரே வந்தவர், மேலேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்து "ஸ்டோருக்கு", அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, தச்சுவேலைக்கு வந்த பாஸ். தச்சர், கொத்தனார் யாரானாலும் அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஐம்பத்தெட்டில் நாட்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வந்த செய்திகளைக் கேட்டுப் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். பள்ளி திறந்த காலையில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மணி அடிச்சிராதீங்க. எதுக்க யாரு வாராங்கன்னு தெரியாதுங்க" என்றாள்.

வளைவை நெருங்கியபோது பனிக்குள்ளிருந்து இரண்டு மணி கேட்டது. அப்பா நின்றுவிட்டார். அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. கட்டைவிரல் மணிக்குப் பக்கத்திலேயே அசையாமல் இருந்தது. மறுபடி இரண்டு மணி. பதில் சொல்லாமலிருப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. சட்டென்று கையை நீட்டி நான் அடித்துவிட்டேன்.

வழக்கம்போலப் பள்ளத்தோரமாக வந்து இறங்கினார் பாஸ்.

"மாஸ்டர், பத்து நாளா காணோமே! ஊட்ல எல்லாம் சுகமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "மேல கடைகிட்ட கொஞ்சப் பேரு நிக்கிறாங்க. நானும் வாறேன்" என்று சைக்கிளைத் திருப்பினார்.

"ஒங்களுக்கு வேலைக்கு நேரமாயிருமே, பாஸ்."

"ஸ்டோரு எங்கயும் போகாது, மாஸ்டர்."

கடையருகே நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். பாஸ் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் சைக்கிளைத் தள்ளியபடி, அப்பாவிடம் உரத்த சிங்களத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அப்பாவும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பள்ளி வாசலில்தான் பாஸ் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இன்னைக்கு மணி அடிச்சது நீதானே, துவ?"

மகளே என்று தன் மொழியில் அழைத்தவருக்கு நான் ஆமென்று தலையாட்டினேன். அப்பா தலைகுனிந்து நின்றார். அதன்பின் இரண்டு வாரம் தினமும் வளைவிலிருந்து பள்ளி வரை பாஸ் எங்களோடு வந்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்.

இன்று அந்தப் பாதை அகலமாகித் தார் போட்டிருக்கிறது. வேன்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரைகின்றன, எதிரே வருபவரின் முகம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. தோட்டத்தில் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டதால், அவருடைய பெயரை அப்பா கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.